மரை வெட்டாத லேத்

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வருடம் என்றுதான் போட்டிருந்தது. எனக்கு அந்தப் படிப்பு முடிய நான்கு வருடம் எடுத்தது. அதில் ஒரு வருடம் நாட்டுக்கு வந்த கஷ்டத்தில் போனது. டீசல் இல்லாமல் பஸ் ஓடாத காலத்தில் எல்லாரும்தான் வீட்டில் இருந்தோம். அதற்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். மற்ற ஒரு வருடம் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளைத் துண்டால் போனது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உயர்தரப் பரீட்சைக்கு நான் பொறியியல் தொழினுட்பம் செய்தேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறியது. நான் கல்வியியல் கல்லூரிக்குப் போய் டீச்சராக வரவேண்டும் என்பது உம்மாவின் ஆசை. வாப்பா சாறன் வியாபாரி. வாரத்தில் நான்கு நாள் எங்கள் ஊரான மருதமுனையில் இருக்கமாட்டார். இயந்திரப் பொறியியல் தொழினுட்பத்தில் இரண்டு வருட டிப்ளோமா ஒன்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அவரிடம் கடிதத்தைக் காட்டியபோது, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லம் மகள், உம்மாக்கிட்டக் கேளுங்க" என்றார். உம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாவது நாள், "போறெண்டா போ. ஆனா படிச்சி முடிக்காம இடையில வந்து இஞ்ச குந்தப்படா" என்றாள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேர். பெண்கள் இரண்டு பேர்தான். மற்றவள் முதலாம் செமஸ்டர் முடிந்ததும் கலியாணம் முடித்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் மட்டும்தான்.

வேலைக்கூடத்தில் மூன்று லேத், அதாவது கடைசல் இயந்திரம், இருந்தன. இரண்டுக்கு மோட்டரே இல்லை. அவற்றின் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகளும் தேநீர்க் கோப்பைகளும் இருந்தன. ஓடுகிற லேத் ஒன்று. அதற்கு முப்பத்தாறு பேர். செய்முறை வகுப்பில் ஆளுக்கு ஏழெட்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விடயம். அந்த நேரத்துக்காக நான் சாமான் அறைக்குள் போய் அபாயாவைக் கழற்றிவிட்டு, முழுக்கை ஓவரோலைப் போட்டுக்கொண்டு, ஸ்கார்ஃபின் நுனியைக் கழுத்துக்குள் இறுக்கிச் சொருகிக்கொண்டு வருவேன். முதல் நாள் எங்கள் செய்முறைப் பயிற்றுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பாண்டிருப்பு ஆள், அதிகம் கதைக்காதவர்.

"துணி எங்கயாவது தொங்குதா மகள்? இரும்பைப் பிடிக்கிற சக் சுத்தேக்க மாட்டினா கை போயிடும்."

"இல்ல சேர். எல்லாம் உள்ள சொருகிட்டன்."

"அப்ப வாங்க."

அவ்வளவுதான். பெண்பிள்ளை என்று அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சுற்றுகிற இரும்பில் உளி முதன்முதல் தொட்டு, நீலம் பாரித்த சுருளாக இரும்பு உரிந்து வந்ததைப் பார்த்த அன்று நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி இருந்துகொண்டாள்.

லேத்தில் செய்கிற வேலைகளில் முக்கியமானது மரை வெட்டுவது. திருகாணியிலும் அதைப் பூட்டுகிற சுரையிலும் சுற்றிச் சுற்றி ஓடுகிற அந்தப் பள்ளம்தான் மரை. அதை வெட்ட, லேத்துக்குள் இரண்டாகப் பிளந்த ஒரு பித்தளைச் சுரை இருக்கும். ஹாஃப் நட் என்போம். அது மூடினால்தான் உளி, தண்டு சுற்றுகிற கணக்குக்குச் சரியாக நகரும். எங்கள் லேத்தில் அந்த ஹாஃப் நட் தேய்ந்து, பல்லெல்லாம் மொட்டையாகிப் போயிருந்தது. கைப்பிடியை அழுத்தினால் மூடும், பிறகு தானே நழுவும். மற்ற வேலையெல்லாம் செய்யலாம், மரை மட்டும் வெட்ட ஏலாது.

"எழுதியிருக்கு, வரும்" என்றார் பயிற்றுநர். எங்களுக்கு முந்தின தொகுதிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. கொழும்புத் தலைமையகத்துக்கு அவர் எழுதினார். மூன்று இடத்தில் விலைமனு எடுத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. எடுத்து அனுப்பினார். அந்த லேத்தின் பதிவு இலக்கத்தைக் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. அதையும் அனுப்பினார். அப்படியொரு இலக்கத்தில் லேத் எதுவும் தங்கள் பட்டியலில் இல்லை என்று மூன்றாவது கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பெடியன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த லேத்தைத் தொட்டுக்கொண்டுதான் நின்றேன்.

இரண்டாம் வருடம் முடியும் தறுவாயில் செய்முறைப் பரீட்சைக்கான பாடத்திட்டத் தாளை ஒட்டினார்கள். மரையுடன் கூடிய தண்டு ஒன்றைக் கடைய வேண்டும். எங்களில் ஒருவர்கூட ஒரு மரையும் வெட்டியதில்லை. வெண்பலகையில் கீறிப் பார்த்திருந்தோம், அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே நான் பயிற்றுநரிடம் அனுமதி கேட்டு, மூடியைக் கழற்றி, அந்த ஹாஃப் நட்டை வெளியே எடுத்தேன். வேர்ணியர் அளவுகோல் வைத்து ஒவ்வொரு அளவாக எடுத்தேன். தேய்ந்த பல்லை அளந்து பயனில்லை என்பதால், அது பிடிக்கிற நீளத் திருகை அளந்து பல்லின் கணக்கைப் பிடித்தேன். இரண்டு நாள் இருந்து முழுப் படத்தையும் கீறினேன். எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவனின் மாமாவுக்குச் சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கம், வள்ள எஞ்சின் தண்டுகள் கடைகிற பட்டறை இருந்தது. அவன் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். "படம் துப்பரவா இரிக்கி. பித்தளையில வார்த்துத் தாறன், சும்மாவே செஞ்சி தாறன்" என்று அவர் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நிறுவனத்துப் பணிப்பாளரிடம் போனோம். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. மேசையில் வைத்த இடத்திலேயே அது கிடந்தது.

"அரசாங்கச் சொத்துல வெளியாள் சாமான் பூட்டுறதா? நாளைக்குக் கணக்குப் பார்க்க ஓடிட் வந்தா யாரு பதில் சொல்லுற?"

"சேர், ஒரு துண்டுதான். பூட்டினா நாங்க பழகலாம்" என்றேன்.

"உங்களுக்கு வெளங்குதில்ல. முறை எண்டு ஒண்டு இரிக்கி."

"அந்த முறைப்படி கேட்டுத்தான் ரெண்டு வருஷமாப் போச்சு சேர்."

என் பக்கத்தில் நின்றவன் என் புத்தகப்பையை மெல்ல இழுத்தான். பணிப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் அந்தப் புள்ளயா?" என்றார். என்ன அர்த்தத்தில் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

மாமாவின் பட்டறையிலேயே பழகுவோம் என்று பெடியன்கள் முடிவெடுத்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் அங்கே வேலை குறைவு. நானும் வருவேன் என்று சொன்னேன். படத்தைக் கொண்டுபோனவன் தலையைச் சொறிந்தான்.

"மாமா உன்னை மட்டும் ஏலாதெண்டு சொல்லுறார். வாற போறவனெல்லாம் கடல் தொழில் செய்யிற ஆக்கள். பொம்புளப் புள்ள நிண்டா ஊர் கதைக்கும் எண்டுறார்."

"படம் கீறினது யாரு?"

"நீதான். அதுக்கு நான் என்ன செய்யிற?"

அன்று வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்திருந்தேன். உம்மா வந்து என்னவென்று கேட்டாள். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். சொன்னால், "இதுக்குத்தான் அப்பவே சொன்னன்" என்று தொடங்குவாள். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. லேத், கடிதங்கள், படம், பணிப்பாளர், மாமா எல்லாம். உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நீ கீறிக் குடுத்ததுக்கு அவனுகள் மட்டும் பழகுறானுகளா?"

"ஓம்."

"சனிக்கிழம எத்தின மணிக்கு?"

அந்தச் சனிக்கிழமை உம்மா கறுப்பு அபாயாவும் கைப்பையுமாக என்னோடு சாய்ந்தமருதுக்கு வந்தாள். பட்டறை வாசலில் நின்று, உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டு சலாம் சொன்னாள்.

"தம்பி, இது என்ட மகள். நான் இஞ்ச இந்தக் கதிரையில இருப்பன். அவ வேல முடிச்சதும் கூட்டிக்கிட்டுப் போவன். இதுல ஊர் கதைக்க என்ன இரிக்கி?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து வாசலோரம் போட்டார்.

ஆறு சனிக்கிழமை உம்மா அந்தக் கதிரையில் இருந்தாள். முதல் நாள் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் கிழமை, உளியில் ஊற்றுகிற வெள்ளைத் தண்ணி என்ன என்று அந்த மனுசரிடமே கேட்டாள். மீன்பிடி வள்ளத்துக்குத் தண்டு எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், உம்மாவைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் கதை வராமலில்லை. மாமி ஒருத்தி வந்து, "புள்ளய இரும்புக் கடைக்குக் கூட்டித் திரியிறியாமே" என்று கேட்டாள். "ஓம், பரீட்சை வருது" என்று உம்மா சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் மரை வெட்டப் பழகினேன். ஆறாவது கிழமை நான் வெட்டிய தண்டில் அவர் ஒரு வள்ளத்துச் சுரையைப் போட்டுச் சுற்றினார். அது நிற்காமல் அடிவரை போனது. அவர் அதைக் கழற்றி என்னிடம் தந்து, "கொண்டு போங்க" என்றார்.

பரீட்சை வெளி மாவட்டம் ஒன்றில், எங்களுடையதைப் போன்ற இன்னொரு நிறுவனத்தில். அதிகாலைச் சுபஹு தொழுதுவிட்டுக் கல்முனை பஸ் நிலையத்தில் ஏறினோம். அங்கே போய்ப் பார்த்தால் எட்டு லேத். எட்டும் ஓடின. அந்த இடத்துப் பிள்ளைகள் அவற்றில் இரண்டு வருடமாக நின்றவர்கள். நாங்கள் கண்காட்சிக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வினாத்தாளில் இருந்தது மில்லிமீட்டர் மரை. நான் பயப்படவில்லை. தண்டைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தேன், நேரமும் இருந்தது. மரை ஒரு வெட்டில் வராது. பத்துப் பன்னிரண்டு தரம் உளி அதே பள்ளத்தால் போகவேண்டும். முதல் வெட்டு அழகாக விழுந்தது. பட்டறையில் பழகியபடி ஹாஃப் நட்டைத் திறந்தேன், உளியைப் பின்னுக்குக் கொண்டுவந்தேன், திரும்ப மூடினேன். இரண்டாவது வெட்டு பழைய பள்ளத்தில் விழவில்லை. இரண்டு வரிக்கும் நடுவில் இன்னொரு வரி கீறிக்கொண்டு போனது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மரை இருந்த இடத்தில் ஒரு கிறுக்கல் இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. பட்டறை லேத் அங்குலக் கணக்கு, வள்ளத் தண்டும் அங்குலக் கணக்கு. இரண்டும் ஒத்துப்போவதால் ஹாஃப் நட்டை எங்கே திறந்து மூடினாலும் உளி பழைய பள்ளத்துக்கே போகும். இங்கே லேத் அங்குலக் கணக்கு, மரை மில்லிமீட்டர், இரண்டும் ஒத்துப்போகாது. வெட்டி முடிக்கும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. மோட்டரை மறுபக்கம் ஓட்டித்தான் உளியைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் நோட்ஸில் அது ஒரு வரியாக ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதைப் பாடமாக்கியும் இருந்தேன். எழுத்துப் பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனால் கைக்கு அது தெரியாது. கை ஆறு கிழமை பழகியதைத்தான் செய்தது.

பரீட்சகரிடம் போனேன். "சேர், இன்னொரு துண்டு தாங்க. நேரம் இரிக்கி."

"ஒரு ஆளுக்கு ஒரு துண்டுதான்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பட்டறையில் பழகிய ஐந்து பேரும் அதே பிழையைத்தான் விட்டிருந்தோம். பழகாத மற்றவர்கள் மரைப் பகுதியைத் தொடவேயில்லை. அதனால் அவர்களின் துண்டு பழுதாகாமல் இருந்தது, வெறும் கடைசல் புள்ளியில் சில பேர் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தால் நானும் தப்பியிருப்பேன்.

பெறுபேறு வந்த அன்று நான் தனியாகப் பணிப்பாளரின் அறைக்குப் போனேன். திரும்பப் பரீட்சை எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். லேத் திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொன்னேன்.

"வெளிப் பட்டறையில பழகச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்ன? பிழையாப் பழகினது உங்கட பிழை."

அவர் முன்னால் அழுதுவிடக்கூடாது என்பதற்காகவே திரும்பி வெளியே வந்தேன். வேலைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். பயிற்றுநர் ஜன்னலால் பார்த்திருக்க வேண்டும். வந்து, குழாயைத் திறந்து தன் கையைக் கழுவினார். கழுவத் தேவையே இல்லாத கை.

"அந்தப் படம் இன்னும் இரிக்கா மகள்?"

"இரிக்கி சேர்."

"நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுகிழமை லீவு நாளொன்றில் அவர் தானே சாய்ந்தமருதுக்குப் போய்ப் புது ஹாஃப் நட்டைக் கொண்டுவந்து பூட்டினார். நானும் நின்றேன். அவர் கைப்பிடியை அழுத்தினார், அது மூடியது, நழுவவில்லை. அவருக்கு முகம் வியர்த்திருந்தது. "ரெண்டு வருஷம் முந்தியே நான் இதைச் செஞ்சிருக்கணும்" என்றார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஓம், செய்திருக்க வேண்டும். இரண்டு வருடம் முந்திச் செய்திருந்தால் நான் அன்று அங்கே நின்றிருக்கமாட்டேன். ஆனால் அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. நான் மூடியைத் திரும்பப் பூட்டினேன்.

அந்த வருடம் முழுவதும், புதுத் தொகுதி வகுப்பில் இல்லாத நேரம் பார்த்து, நான் அந்த லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டினேன். ஹாஃப் நட்டைத் திறக்காமல், மோட்டரைத் திருப்பி, திரும்பத் திருப்பி. கை பழசை மறக்கவே ஒரு மாதம் போனது.

இடையில் ஒரு நாள் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பணிப்பாளர் அவர்களை வேலைக்கூடத்துக்குக் கூட்டிவந்தார். நான் ஓவரோலோடு லேத்தில் நின்றேன்.

"எங்கட சொந்த வளத்தைக் கொண்டே இதத் திருத்தினம்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "பெண்பிள்ளைகளுக்கும் நாங்க சம வாய்ப்புக் குடுக்கிறம்" என்றார். அவர்கள் என்னையும் லேத்தையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். பயிற்றுநர் மூலையில் நின்று எண்ணெய்க் குவளை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்திருக்கலாம். திரும்பப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. திறக்கவில்லை. அந்தப் படத்தில் நான் சிரிப்பது போலத் தெரிகிறேன் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

இரண்டாம் முறை சித்தியடைந்தேன். நல்ல புள்ளி. ஆனால் திரும்பச் செய்தவர்களுக்கு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரண சித்தி மட்டும்தான் போடுவார்களாம். சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சம்மாந்துறைப் பக்கம் ஒரு பெரிய அரிசி ஆலையில் பராமரிப்புப் பகுதிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நேர்முகத்துக்குப் போனேன். மனேஜர் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "கொம்பியூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். முன் அறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருத்தினார். மூன்று மாதம் ஒவ்வொரு கிழமையும் என்னைப் பராமரிப்புப் பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். நான்காவது மாதம் வேலையை விட்டேன். வாப்பா அன்றைக்கும் உம்மாவிடம்தான் கேட்கச் சொன்னார். உம்மா, "விட்டது சரி. இனி என்ன செய்யப்போறாய்?" என்றாள்.

இப்போது ஒரு தையல் ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்க்கிறேன். பழுது பார்க்கிறவர்கள் எட்டுப் பேர், மற்ற ஏழு பேரும் ஆண்கள். ஊசி முறிந்தாலோ நூல் சிக்கினாலோ என்னைக் கூப்பிடுவார்கள். மோட்டர் எரிந்தால் ஆண்கள்தான் போவார்கள். போன கிழமை ஒரு மோட்டரை அவர்கள் வருமுன் நானே கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெரியவர் வந்து, "யாரைக் கேட்டுக் கழட்டின?" என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மோட்டர் தண்டிலிருந்து பேரிங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.